லக்சபானவும் அரைகுறை ஸ்வெட்டரும்

கேள்வி: அலமாரியில் பாதி பின்னிய ஸ்வெட்டர் மூன்று, ஒற்றைக் காலுறை இரண்டு கிடக்கின்றன. முடிக்க உட்கார்ந்தால் கை புது நூல்கண்டைத்தான் தேடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி ஒருவர், பொல்பிட்டிய

பதில்: உங்கள் அயலிலேயே பெரிய முன்னோடி இருக்கிறாரே! லக்சபான நீர்மின் யோசனையை எஞ்சினியர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் முன்வைத்தார். வேலை தொடங்கி, நின்று, இழுபட்டு, 1950இல்தான் மின்சாரம் வந்தது. பொல்பிட்டிய மின் நிலையத்துக்கு மேலும் 19 வருஷம். ஆனால் ஆற்றுக்கு வயிறு பெருக்காது; உங்கள் ஸ்வெட்டருக்குக் காத்திருப்பவருக்குப் பெருக்கும். ஹோமரின் பெனலோப்பி பகலில் நெய்ததை இரவில் பிரித்தாள் என்றால், மாப்பிள்ளைகளைத் தட்டிக்கழிக்கும் அவசியம் அவளுக்கு இருந்தது. உங்களுக்கு என்ன சாட்டு?

கை மட்டும் மிச்சமுள்ள ஸ்வெட்டரை முதலில் எடுங்கள். விட்ட இடத்திலேயே தொடராதீர்கள். இடையில் கை இறுக்கம் மாறியிருக்கும், சில வரிசை பிரித்துவிட்டுப் பின்னுங்கள். ஒற்றைக் காலுறை இரண்டும் ஒரே அளவென்றால் ஜோடி சேர்த்துவிடுங்கள், நிறத்தை யார் பார்க்கிறார்கள்? மனம் ஒட்டாததைப் பிரித்து, நூலை வளையமாகச் சுற்றி நனைத்துத் தொங்கவிட்டால் நெளிவு போகும். பொல்பிட்டிய மழையில் அது காய்வதற்குள் புது நூல் மட்டும் வாங்கிவிடாதீர்கள்.