வயல் வரப்பிலிருந்து கேள்விகள்

மத்திய அரசின் பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் வருகிறதே, இன்னும் என்ன குறை விவசாயிக்கு? (வாசகர், வில்லியனூர்)

365-ஆல் வகுத்துப் பாருங்கள்: நாளுக்கு 16 ரூபாய் 44 காசு. மதகடிப்பட்டு செவ்வாய்ச் சந்தையில் மூக்கணாங்கயிறு வாங்கலாம், மாடு?
ஆனாலும் நடவு நேரத்தில் ஒரு தவணையாகக் கைக்கு வரும் 2,000 ரூபாய் ஒரு வட்டிக்கடனைத் தவிர்க்கும். அந்த உதவி பெரிது.

குத்தகைக்கு உழுகிறவருக்கு ஏன் வருவதில்லை? (வாசகர், மதகடிப்பட்டு)

திட்டம் பட்டாவைப் பார்க்கிறது. சேற்றில் நிற்கும் காலைப் பார்ப்பதில்லை.
2018 டிசம்பரில் ஒடிசா அறிவித்த ‘காலியா’ திட்டம் குத்தகைதாரரையும் நிலமற்ற கூலித் தொழிலாளியையும் சேர்த்துக்கொண்டது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

என் தவணை நின்றுவிட்டது. யாரைத் திட்டுவது? (வாசகர், பாகூர்)

திட்டத்தைத் திட்டுமுன் மூன்றைச் சரிபாருங்கள்: இ-கேஒய்சி முடிந்ததா? வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்ததா? பட்டாவிலும் ஆதாரிலும் பெயர் ஒன்றுதானா?
பட்டா இன்னும் காலமான அப்பா பெயரிலேயே இருந்தால், இந்த வாரமே பெயர் மாற்றத்துக்கு மனு கொடுங்கள்.