‘மமய’ செய்யும் மாயம்
ஆஸ்கி என்ற எழுத்துக் குறியீட்டு முறை 1963-இல் பிறந்தது. மொத்தம் 128 இடங்கள். உலக எழுத்தெல்லாம் யூனிகோடில் குடியேறிய பிறகும், இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்குப் பக்கத்தில் வேலை பார்க்கும் சில நிரலாளர்களுக்கு அந்தப் பழைய வீடுதான் சொர்க்கம். பெரிய எண் வந்தால் கடைசி ஏழு பிட்டை வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிடுவார்கள். வேகமாம்!

‘ம’வின் யூனிகோடு எண் 2990. வெட்டினால் 46, அதாவது புள்ளி. ‘ய’ 2991. வெட்டினால் 47, சாய்கோடு. ஆக, ஒருவர் அப்பாவியாகக் கோப்புக்கு ‘மமய’ என்று பெயர் வைத்தால், கணினிக்கு அது ‘../’, மேல் ஃபோல்டருக்குப் போகும் வழி. பாதுகாப்புச் சோதனையோ வெட்டுவதற்கு முன்பே முடிந்து, ‘நல்ல பிள்ளை’ என்று சான்றிதழும் கொடுத்திருக்கும்.

விண்டோஸ் வெட்டாது, உபசரிக்கும். இல்லாத எழுத்துக்குப் பதில் ‘ஏறக்குறைய இதுதானே?’ என்று இன்னொன்றை நீட்டும். அப்படி, பொதுவாகக் கண்ணில் படாத ஒரு இணைகோடு சாதாரணக் கோடாக மாறியதில்தான் 2024-இல் விண்டோஸில் ஓடிய சில பிஎச்பி சர்வர்கள் வெளியாட்களுக்குக் கதவு திறந்தன.

127-ஐத் தாண்டினால் ‘பிழை’ என்று திருப்பியனுப்ப ஒரே ஒரு ‘இஃப்’ போதும். நிரலாளர்களே, அதை எழுதுங்கள். பாதுகாப்புச் சோதனையை, எழுத்தை மாற்றிய பிறகு செய்யுங்கள்.