மினுக்குப் பேர்வழி

ஒகேனக்கல்லில் நீர்வரத்து கூடினால் பரிசலுக்குத் தடை. எத்தனை ஆயிரம் கனஅடி வருகிறது என்று மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளந்து சொல்கிறது. இந்தச் செய்தியைப் படித்ததும் இன்ஜினியரிங் கடைசி வருஷத்தில் ஒரு ரகத்துக்குக் கை துறுதுறுக்கும். 'வெள்ளம் வந்தால் பரிசல் துறையில் தானே அலறும் சைரன்' என்று புராஜெக்ட் தலைப்பு பதிவாகிவிடும். ஆறேழு மாதம் கழித்து ரிவ்யூ மேசையில் இருப்பதோ ஒரு ஆர்டுயினோ ஊனோ போர்டு, ஒரு கேபிள், பதின்மூன்றாம் பின்னில் ஒரு குட்டி விளக்கு. ஒரு விநாடி எரியும், ஒரு விநாடி அணையும். விளக்கோடு சேர்ந்து ஆளும் மினுக்குவார்: "எண்பது பர்சன்ட் முடிஞ்சுது சார், சென்சார் மட்டுந்தான் பாக்கி." வீட்டில் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்டா, இது போன தீபாவளி சீரியல் லைட்டுலயே வந்துச்சே" என்பார்.

அம்மா கேட்பது நியாயம்தான். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் என் ஓட்டு பையனுக்கு. விளக்கு சொன்னபடி மினுக்கினால், கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றுகிற ரகமில்லை, டிரைவர் உட்கார்ந்துவிட்டது, போர்ட் சரி, எழுதிய நிரல் சிப்புக்குள் போய் ஓடுகிறது என்று ஒரே சிமிட்டலில் தெரிந்துவிடும். வேகத்தையும் அது காட்டிக்கொடுக்கும். கடையில் தனியாக வாங்கிய ஏடிமெகா 328பி சிப் பிறவியிலேயே 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும். ஊனோவுக்கென 16 மெகாஹெர்ட்ஸ் கணக்கில் எழுதிய நிரலை அதில் ஏற்றினால், ஒரு விநாடிச் சிமிட்டல் 16 விநாடியாக இழுபடும். மல்டிமீட்டர் வேண்டாம், கைக்கடிகாரம் போதும். புகையும் கல் என்று பேர் வாங்கிய ஒகேனக்கல்லில் இந்தச் சோதனையின் அருமை இன்னும் கூடும். வாளித் தண்ணீரில் ஒழுங்காக அளந்த அல்ட்ராசோனிக் சென்சார், அருவித் தூவானத்திலும் நுரையிலும் உளறக்கூடும். அப்போது தப்பு போர்டிலா ஆற்றிலா என்ற வழக்கில் போர்டு தரப்புச் சாட்சி இந்த விளக்குதான்.

புதுப் போர்டுகள் பலவற்றில் மினுக்கும் நிரலைத் தொழிற்சாலையிலேயே ஏற்றி அனுப்புகிறார்களே, அப்புறம் இதில் பையன் சாதித்தது என்ன என்று கேட்கலாம். சரியான கேள்வி. கரன்ட் கொடுத்தவுடனே எரிந்த விளக்கைப் பார்த்து, தான் ஏற்றிய நிரல்தான் ஓடுகிறது என்று நம்பி ஸ்டேட்டஸ் போட்டவர்கள் இந்த ரகத்தில் ஏராளம். பரிகாரம் எளிது. நிரலில் இரண்டு இடத்திலும் இருக்கிற 1000 மில்லிவிநாடியை 200 ஆக்கி மறுபடி ஏற்ற வேண்டும். விளக்கு படபடத்தால் அது அவருடைய உழைப்பு. பழையபடி சாவகாசமாகச் சிமிட்டினால் கம்பெனிக்காரன் உழைப்பு. ஆனால் இந்த யோசனையை மினுக்குப் பேர்வழியிடம் சொல்லிப் பாருங்கள், விளக்கைக் கையால் மறைத்துக்கொள்வார்: "ஓடுற வண்டியில எதுக்கு சார் கை வைக்கணும், நாளைக்கு ரிவ்யூ."