பெல்வில் வழியாக லாட்வியா

எங்கள் ஊர் வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை. வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போகிற ஊர். பட்டாளத்தில் இருந்த என் கணவரிடமிருந்து கடிதம் வந்தால் மாமனார்தான் பிரிப்பார். திண்ணையில் உட்கார்ந்து தெருவுக்கே கேட்கும்படி வாசிப்பார். எருமை கன்று போட்டதா, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, தம்பி பத்தாவது பாஸா என்று எல்லாம் முடிந்து கடைசி வரியில் நான் வருவேன்: தங்கள் மருமகளையும் விசாரித்ததாகச் சொல்லவும். அந்த ஒரு வரியை எத்தனை விதமாகப் படித்தேன் என்பது எனக்கும் அடுப்படிக்கும்தான் தெரியும்.

1987-இல் இவர் இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனதைச் சொன்னது கடிதம் அல்ல, ஆகாசவாணியின் காலை ஏழே கால் செய்தி. கடிதத்தில் இடப்பெயர் எழுதக் கூடாது. முகவரி என்றால் 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் நிலையம், அவ்வளவுதான். என் பதில் போய்ச் சேருவதற்குள் அவருடைய அடுத்த கடிதம் வந்துவிடும். நான் கேட்ட கேள்விக்குப் பதிலே வந்ததில்லை. இன்றைக்கும் வருவதில்லை, இப்போது தபால் இலாகாவைக் குறை சொல்லவும் வழியில்லை.

பிறகு கனடாவுக்குக் குடிவந்தோம். டொரன்டோவின் ஸ்கார்பரோவில் எங்களுக்கு அடுத்த வீடு யாழ்ப்பாணத்து அக்கா. "ஊரிலை என்ன வேலை பார்த்தனீங்கள்?" என்று ஒருநாள் கேட்டார். "கவர்ன்மெண்ட் வேலை" என்றார் இவர். பொய்யில்லை.

மகன் கனடா ராணுவத்தில் சேர்ந்து இப்போது லாட்வியாவில், ரிகாவுக்குப் பக்கத்து ஆடாஜி முகாமில் இருக்கிறான். 2017 முதல் அங்கே நேட்டோ படைப்பிரிவுக்குக் கனடாதான் தலைமை. டொரன்டோவுக்கும் அதற்கும் ஏழு மணி நேர வித்தியாசம். இவர் குடியிருப்பது இங்கே, கடிகாரம் ஓடுவது அங்கே. வாட்ஸப்பில் இரண்டாவது டிக் விழவில்லை என்றால் சாம்பாரில் உப்பு இல்லை என்று என்மேல் பாய்வார். அன்றைக்கு மூன்று வாரம் கடிதம் வராவிட்டாலும், மழையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு நாங்கள் நாற்று நடப் போனோம்.

வீடியோவில் வந்தால் மட்டும் என்ன பேச்சு?

"சாப்பிட்டியா?"

"ம்."

"என்ன சாப்பிட்ட?"

"உருளைக்கிழங்கு."

முகம் தெரிகிறது, கட்டில் தெரிகிறது, பின்னால் ஒருவன் பல் தேய்ப்பதும் தெரிகிறது. விஷயம்தான் ஒன்றும் தெரிவதில்லை. எங்கே பயிற்சி என்று கேட்டால் சிரிக்கிறான். ஓட்டத்தைக் கைக்கடிகாரம் வழியாகப் பதியும் ஸ்ட்ராவா செயலியின் வரைபடத்தில் ராணுவ முகாம்களில் ஓடுகிறவர்களின் தடமெல்லாம் பளிச்சென்று தெரிந்தது 2018-இல் அம்பலமானது. கைக்கடிகாரத்தையும் தணிக்கை செய்ய வேண்டிய காலம். மாமனார் ஒருவர்தான் இல்லை.

ஆப்கானிஸ்தான் போரில் காந்தஹாருக்குப் பிள்ளையை அனுப்பிய தாய்மார் வேறொன்று சொல்வார்கள். அப்போது முகாமில் யாராவது இறந்தால், அந்தக் குடும்பத்துக்குச் சொல்லும்வரை போனும் இணையமும் நிறுத்தப்படும். இங்கே எல்லா வீட்டிலும் போனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் போரில் கனடா இழந்த வீரர்கள் 158 பேர். அவர்களில் பலர் ட்ரென்டன் விமானத் தளத்தில் இறக்கப்பட்டு, நம் 401 நெடுஞ்சாலை வழியாகத்தான் டொரன்டோவுக்கு வந்தார்கள். ஜனம் பாலத்துக்குப் பாலம் கொடியோடு நின்றது. 2007-இல் சாலையின் அந்தப் பகுதிக்கு வீரர்களின் நெடுஞ்சாலை என்று பெயர் வைத்தார்கள். அதனால் இவருடைய பதைப்பை நான் முழுக்கக் கேலி செய்வதில்லை. முக்கால்வாசிதான்.

தீபாவளிக்கு முறுக்குப் பார்சல் அனுப்பினோம். ராணுவம் கொடுத்த முகவரி பெல்வில், ஒன்டாரியோ. லாட்வியா என்ற பேச்சே இல்லை. பெல்வில் அதே 401-இல் இரண்டு மணி நேரம். "பாத்தியா, இவங்களும் நம்ம ஏ.பி.ஓ. மாதிரிதான்!" என்று இவருக்கு ஒரே சந்தோஷம். அந்த வேகத்தில் இரண்டு பக்கம் கடிதம் எழுதி முறுக்குக்கு மேலே வைத்துவிட்டார்.

மகனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பார்சல் கிடைத்த அன்று கடிதத்தைக் காமிராவுக்கு நேராகப் பிடித்தான். எழுதியவரே சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார்.

"நலம், நலமறிய ஆவல்."

"அதான் பாத்துட்டே இருக்கீங்களே அப்பா!"