வெயிலுக்கு விருந்து வைக்கிற மருமவனுக்கு

வா மருமவனே, உக்காரு. அந்தப் போனை இப்படிக் காட்டு. கரண்டு பில்லா இது? வயக்காடு கிரயம் முடிச்ச தொகைன்னுல்லா நெனச்சேன். இதுக்குப் போயா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? ரெண்டு மாசத்துக்கு இவ்வளவு கட்டுதவன் நம்ம சொந்தத்துல வேற யாரு இருக்கா? உங்க அம்மைகிட்டக் குடுத்து, நாலு வீட்டுக்குக் காட்டிட்டு வரச் சொல்லு.

கொறைக்க வழி சொல்லணுமா? பாளையங்கோட்டையில இஞ்சினியரு வச்சு வீடு கட்டினவன் நீ. நான் வளவு வீட்டுத் தார்சாவுல துண்டை விரிச்சுப் படுக்கிறவன். ஆனாலும் கேட்டுட்ட. சொல்லாம அனுப்பினா மாமன்மேல பழி வரும்.

மொதல்ல உன் வீட்டைப் பேசுவோம். மேக்கப் பாத்த வாசலு. வாசல்ல ஆளுயரத்துக்குக் கண்ணாடி. சுவத்துக்குக் கரிச்சட்டி நிறத்துல பெயிண்டு. கேட்டதுக்கு ‘எலிவேஷன்’னு சொன்ன. சன்ஷேடு வச்சா லுக்கு போயிரும்னு நாலு விரக்கடையோட நிறுத்திட்ட. மூலையில நின்ன வேம்பைக் காருமேல குப்பை கொட்டுதுன்னு வெட்டியாச்சு. காரு நல்லாப் பளபளன்னுதான் இருக்கு, கொறை சொல்லப்பிடாது. மத்தியானம் மூணு மணிக்குச் சூரியன் சாயுதப்ப நேரா உன் கூடத்துக்குள்ள வந்து உக்காந்துக்கிடுது. வெயிலுக்கு வெத்தலபாக்கு வச்சு அழைச்சுட்டு, அது கெளம்ப மாட்டேங்குதுன்னு ஏசிய விட்டு வெரட்டுத. வெரட்டுத கூலிதான்டே இந்தப் பில்லு.

இன்னைக்கு ராத்திரி பத்து மணிக்கு ஒரு வேலை செய்யி. அந்த மேக்குச் சுவத்துல உள்பக்கமா கையை வையி. சூரியன் போயி மூணு மணி நேரம் கழிச்சும் காந்தும். அப்படியே மெத்தையில ஏறி, செருப்பில்லாம ரெண்டு எட்டு நடந்து பாரு. கான்கிரீட்டு பகல் பூராவும் குடிச்ச சூட்டை நீ படுக்கப் போற நேரம் பாத்துத்தான் கீழ எறக்கும். அதுக்கு நேர் கீழதான் உன் ஃபேன் தொங்குது. சூட்டை வாங்கி உன் தலையில போடுத வேலையை அது ஒழுங்காச் செய்யிது. ஃபேன் அறையைக் குளுத்தும்னு எவன்டே உனக்குச் சொன்னது? அது வேர்வையத்தான் காயவைக்கும். ஆளில்லாத அறையில ஃபேன் ஓடுனா, மோட்டாருச் சூடு சேந்ததுதான் மிச்சம். உன் வீட்டுல நாலு அறையிலயும் அது ஓடுது. யாருக்குன்னு கேட்டா மருமவ சிரிக்கா.

மெத்தைக்கு என்ன வழின்னா, சுண்ணாம்பு. கடையில வெயில் தடுக்குத பெயிண்டுன்னு டப்பாவுல விக்கான். காசு இருந்தா அதையும் வாங்கு, வேண்டாங்கல. கல்லுச் சுண்ணாம்பை வாங்கித் தண்ணியில போட்டு நீத்து, ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் துணியில வடிகட்டி, ஒட்டுறதுக்குக் கொஞ்சம் பசையும் கலந்துக்கோ. நீத்துதப்ப கொதிச்சுத் தெறிக்கும், பிள்ளையள அண்ட விடாத, கண்ணைப் பாத்துக்கோ. வெயில் தாந்தபெறகு மெத்தையைக் கூட்டி, தண்ணி தெளிச்சு, ஈரத்தோட ஒரு கை அடி. காஞ்சதும் மறு கை. அடிக்குதப்ப ஒண்ணும் தெரியாது, மோரு தெளிச்ச கணக்கா இருக்குன்னு நீ மொணங்குவ. காஞ்சபெறகு பாரு, கண்ணு கூசும். அந்தக் கூசுத வெளிச்சம் பூராவும் உன் வீட்டுக்குள்ள வராமத் திரும்பிப் போன வெயிலு. மழையில கரைஞ்சிரும், ஆமா. பங்குனிக்குப் பங்குனி அடிக்க வேண்டியதுதான். வருசத்துக்கொரு தரம் காருக்கு சர்வீஸ் விடத் தெரியுதுல்லா?

மேக்கு சன்னலுக்குச் சீலை போட்டிருக்கேன்னு சொல்லுவ. பூப்போட்ட சீலை, நல்ல வெலை. ஆனா அது கண்ணாடிக்கு உள்பக்கம்லா தொங்குது? வெயில் கண்ணாடியத் தாண்டி உள்ள வந்தபெறகு சீலையில பட்டா என்ன, தரையில பட்டா என்ன? சூடு வீட்டுக்குள்ளதான். மறைக்கணும்னா வெளிப்பக்கம் மறை. மூங்கத் தட்டி, கிடுகு, ஒண்ணுமில்லன்னா நர்சரியில கட்டுத பச்சை வலை. எலிவேஷன் போயிரும்னா, சித்திரையும் வைகாசியும் மட்டும் கட்டிட்டு அவுத்து வையி. கத்திரி வெயில்ல உன் எலிவேஷனைப் பாக்க ஒருத்தனும் தெருவுல நடக்கப் போறதில்ல.

சன்னலை எப்பத் தொறக்கணும், எப்ப அடைக்கணும்னு உங்க ஆச்சிக்குத் தெரியும், எந்தக் காலேஜுக்கும் போகாமலே. உள்ளதவிட வெளிய சூடா இருந்தா அடை, வெளிய குளுந்தாத் தொற. காலையில ஒன்பது மணிக்கு அடைச்சு, பொழுதடைஞ்சபெறகு எதிரும் புதிருமாத் தொறந்து விட்டா, சுவரு குடிச்சதுல நல்ல பங்கு வெளிய போயிரும். நீ நேர்மாறா, பகல்ல காத்து வரட்டும்னு தொறந்து அனலை வாங்குத. ராத்திரி கொசு வருதுன்னு அடைச்சு அதைப் பத்திரமா வச்சிக்கிடுத. கொசுவலை அடிக்க ஆசாரி எவ்வளவு கேட்டான்? அதை உன் பில்லோட வச்சுப் பாரு.

இனி உன் ஏசி. ஒன்றரை டன்னுன்னு பெருமையாச் சொன்னியே, எதுல டன்னு? எடையின்னா நெனச்ச? ஒரு டன் ஐசுக்கட்டி இருபத்திநாலு மணி நேரத்துல உருகுனா எவ்வளவு சூட்டை இழுக்குமோ, அதுதான் ஒரு டன். அந்தக் காலத்துல வெள்ளைக்காரன் அமெரிக்காவுல ஏரி ஐசை அறுத்து, மரத்தூளுல பொதிஞ்சு, கப்பல்ல மெட்ராசுக்குக் கொண்டாந்தான். அதைச் சேத்துவைக்க 1842-ல கடக்கரையில கட்டினதுதான் ஐஸ் ஹவுஸ். இப்ப விவேகானந்தர் இல்லம். தொரைமாரு அதுல துண்டு ஒடைச்சு டம்ளர்ல போட்டுக் குடிச்சான். நீ பத்துக்குப் பன்னெண்டு அறைக்கு நாளைக்கு ஒன்றரை டன் ஐசு உருக்குத பவுச மாட்டிவச்சு, 18-ல போட்டு, கம்பளியப் போத்திக்கிட்டுத் தூங்குத. தொரையே தோத்தான் போ!

2020-லேருந்து ஸ்டார் முத்திரை போட்ட ஏசியெல்லாம் 24-லதான் தொடங்கணும்னு சட்டமே வச்சிருக்கான். பட்டனை அமுக்கி அதைக் கீழ எறக்குதது உன் கைதான். ஒரு டிகிரி ஏத்துனா நூத்துக்கு ஆறு பங்கு கரண்டு மிச்சம்னு எரிசக்தித் துறைக்காரன் கணக்குச் சொல்லுதான். 26-ல வச்சு ஃபேனை மெதுவாச் சுத்தவிடு, கம்பளிக்கு வேலை இருக்காது. ஏசியோட வலைத் தட்டைக் கழத்தி ரெண்டு வாரத்துக்கொரு தரம் கழுவு. போன தடவை நான் கழத்திப் பாத்தேன், ஒரு தலையணைக்குப் பஞ்சு தேறும்.

கணக்குப் போடுவோமா? உன் ஏசி ராத்திரிக்கு எட்டு யூனிட்டு தின்னா ரெண்டு மாசத்துக்கு 480. அதுமட்டும்தான், மத்ததெல்லாம் இனிமேத்தான். 2016-ல 100 யூனிட்டு இலவசம்னு வந்துச்சே, சலுகை அம்புட்டுதான்னு நீ நெனச்சிருப்ப. 500-ஐத் தாண்டுனா 101-லேருந்து 200 வரைக்கும் இருந்த கொறைஞ்ச ரேட்டும் போயிரும், மேல உள்ளதுக்கும் அடுக்கடுக்கா ஏறும். ரேட்டு அப்பப்ப மாறும், கட்டுத அன்னைக்கு என்னன்னு பாத்துக்கோ. 499-ல நிக்கிறவனுக்கும் 501-ல நிக்கிறவனுக்கும் யூனிட்டுல ரெண்டுதான் வித்தியாசம்; காசுல அவன் சிரிப்பான், நீ இப்படி மாமன் வீட்டுக்கு வருவ.

ஃபேனை மாத்தலாமான்னு கேக்கியா? நல்ல யோசனை. பழசு 75 வாட்டு இழுக்கும், இப்ப வருத பிஎல்டிசி 30 வாட்டுக்குப் பக்கம். நாளைக்குப் பதினஞ்சு மணி நேரம் ஓடுனா ஒரு ஃபேனுக்கே ரெண்டு மாசத்துல 40 யூனிட்டு மிஞ்சும். நாலு ஃபேனு, நீயே பெருக்கிக்கோ. இதை விட்டுட்டு, போன் சார்ஜரைப் பிடுங்கி வைக்கலன்னு மருமவகிட்டச் சண்டை போட்டியாமே! அவ சார்ஜரு வருசம் பூரா திங்கிறதை உன் ஏசி ஒரு ராத்திரியில ஏப்பம் விட்டிரும். வீட்டுல சமாதானம் வேணும்னா அந்தப் பேச்சை விடு.

சின்னவன் ஃபிரிட்ஜத் தொறந்து முன்னால நின்னுக்கிட்டுக் காத்து வாங்குதானே, அவனுக்கும் சொல்லு: முன்னால வாங்குத குளிரைவிடக் கூடச் சூட்டைப் பின்னால விட்டுக்கிட்டிருக்கு அது. சுவத்தோட ஒட்டி வைக்காம ஒரு சாண் தள்ளு. கொதிக்கிற சாம்பாரை அப்படியே உள்ள தள்ளாதீங்க.

கூலரு வாங்கலாமான்னு கேக்க வாயெடுக்க. வாங்கு. நம்ம பக்கம் காஞ்ச காத்து, நல்லா வேலை செய்யும். தூத்துக்குடிச் சித்தப்பாவுக்கும் ஒண்ணுன்னு சேத்து வாங்கிராத. அங்க காத்துலயே ஈரம். கூலரு போட்டா வேக்காடுதான் மிச்சம். சன்னலை ஒரு ஓரமாத் தொறந்து வையி, அடைச்சுட்டுப் போட்டா உனக்கும் அதே கதிதான்.

சரி, வெயில் தாந்துட்டு. கெளம்பு, போற வழியில சுண்ணாம்புக் கடையில கல்லுச் சுண்ணாம்பு வாங்கிக்கோ, உசந்த பிரஷு வேண்டாம், தென்னமட்டை நான் நசுக்கித் தாரேன். நானும் கூட வாரேன். நாளைக்கு அடிக்குதப்ப ஏணிய நான் பிடிச்சிக்கிடுதேன், ஏறுறது நீதான். மருமவளை நாற்காலி ஒண்ணு கீழ போட்டு, சுக்கு காப்பி போடச் சொல்லு. விட்டுப்போன எடமெல்லாம் கீழ உக்காந்து பாத்தாத்தான் தெரியும்.