முப்பத்தைந்தும் சென்டமும்

நான் எந்த வகுப்பு படிக்கிறேன் என்பதில் என் அப்பாவுக்கு எப்போதும் ஒரு வருடம் கூடவோ குறையவோ இருக்கும். ப்ராக்ரஸ் கார்டை நீட்டினால் சிவப்பு மையில் அடிக்கோடு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். இல்லையென்றால் கையெழுத்து. இருந்தாலும் கையெழுத்துதான்; அதற்கு முன்னால் முதுகில் ஒரு சின்ன உபசாரம் நடக்கும். பத்தாம் வகுப்பு ரிசல்ட் மாலைப் பேப்பரில் வந்தது. என் நம்பர் இருந்தது. கணக்கில் எத்தனை என்று அவர் கேட்ட நினைவில்லை. நம்பர்தான் வந்துவிட்டதே!

இப்போது நான் அப்பா. மகள் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாவது. கணக்கு வினாத்தாளின் அமைப்பைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஒரு மார்க் 14, இரண்டு மார்க் 10, ஐந்து மார்க் 10, எட்டு மார்க்கில் வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று, ஆக 100. 28ஆவதும் 42ஆவதும் கட்டாய வினா என்பதுவரை அத்துப்படி. வட்டத்துக்குத் தொடுகோடு வரைவது எப்படி என்று அவள் கேட்டால் மட்டும் எனக்கு அவசரமாக ஒரு போன் வந்துவிடும்.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு அம்மா, "தம்பி 98தான்" என்று துக்கச் செய்தி போலப் போடுகிறார். ஆறுதல்கள் குவிகின்றன. முதலிடம் பிடித்தவர்களின் பட்டியலை அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017இலேயே நிறுத்திவிட்டது. அந்தப் பொறுப்பை நாங்கள் ஏற்றுக்கொண்டோம், சம்பளமில்லாமல்.

இந்தத் தாளில் ஒரு வேடிக்கை உண்டு. வடிவியலும் வரைபடமும் சேர்ந்து 16. ஒரு மார்க் கேள்விகள் 14. முப்பது ஆயிற்றா? பாஸ் மார்க் 35. பள்ளிகளில் 'மெல்லக் கற்போர் கையேடு' சுற்றி வருவது இதனால்தான். காம்பஸைப் பிடித்துக்கொண்டு அதே நாலு படத்தைத் திரும்பத் திரும்பப் போடும் பையன் கரையேறிவிடுவான். சென்டத்துக்கும் ஏறக்குறைய இதே வைத்தியம்தான், டோஸ் மட்டும் அதிகம்: புத்தகத்தில் ஒரு கணக்கு விடாமல் மூன்று சுற்று. எண்ணை மாற்றி, கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டுவிட்டால் போதும், "புத்தகத்துல இல்லாததைக் கேட்டுட்டாங்க" என்று அன்று மாலையே டிவியில் கண்ணீர். பழகியதைத் திருப்பிப் போடும் திறமையைத்தான் அந்த 35ம் சொல்கிறது, 100ம் சொல்கிறது. கணக்கு வருமா என்பது தனிக் கேள்வி.

அந்தத் தனிக் கேள்வியைக் கேட்கவும் ஒரு தேர்வு இருக்கிறது. 2024 டிசம்பரில் நாடு முழுக்க, தேர்ந்தெடுத்த பள்ளிகளில், 3, 6, 9ஆம் வகுப்புகளுக்கு 'பரக்' ஆய்வு நடந்தது. மகள் அப்போது ஒன்பதாவது. அவள் பள்ளியும் அதில் இருந்தது. பிள்ளைக்குத் தனியாக மார்க் கிடையாது, மாவட்டமும் மாநிலமும் எப்படி இருக்கின்றன என்றுதான் அறிக்கை வரும். குழுவில் விசாரித்தார்கள். மார்க் வராது என்று தெரிந்ததும், "அப்ப எதுக்கு லீவு போடாம அனுப்பினோம்?" என்றார் ஒருவர். அறிக்கை வந்தபோது யாரும் அதைப் பகிரவில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. காலாண்டு, அரையாண்டு விடைத்தாள் வீட்டுக்கு வந்தால் முதல் பக்கத்து மொத்தத்தோடு மூடிவிடாதீர்கள். விடை தப்பினாலும் படிகளுக்கு மார்க் உண்டு என்பதால், எந்தப் படியில் ஆசிரியர் சுழித்திருக்கிறார் என்று பாருங்கள். கழித்தலில் சறுக்கிய பிள்ளைக்கும் கேள்வியே புரியாத பிள்ளைக்கும் மொத்தம் ஒன்றாகவே இருக்கலாம். சொல்லித்தர வேண்டியது ஒன்றல்ல.