மாடித் தொட்டி வழியே மின்னியல்: ஓர் ஆய்வு

மின்சுற்றை விளக்கத் தண்ணீரைத் துணைக்கு அழைக்காத இயற்பியல் ஆசிரியர் இல்லை. தொட்டியின் உயரம் மின்னழுத்தம், குழாயில் ஓடுவது மின்னோட்டம், குழாயின் குறுகல் மின்தடை. இந்த உவமை எதுவரை தாங்கும் என்பதே இவ்வாய்வின் பொருள்.

1827-இல் தம் விதியை வெளியிட்ட கேயார்க் ஓம் தண்ணீரைத் தேடிப் போகவில்லை. வெப்பம் பரவுவது பற்றி ஃபூரியே வகுத்த கணிதத்தைத்தான் பின்பற்றினார். குளிர்நாட்டவருக்கு வெப்பம், நமக்குத் தண்ணீர். எவருக்கு எது தட்டுப்பாடோ அதுவே அவருக்கு உவமையாகிறது என்பது நம் துணைக் கருதுகோள்.

ஆய்வுக்களம்: மூன்று மாடிக் குடியிருப்பு, காலை ஏழு மணி. தரைத்தளத்தில் குழாயைத் திறந்தால் வாளி துள்ளுகிறது. தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் மேல்மாடியிலோ நூல் போல விழுகிறது. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் தரும் என்று புத்தகம் சொல்வதை, அந்த நூலில் தலை அலசுபவர் படிக்காமலே அறிவார். அப்போது மேலிருந்து ஒரு குரல்: “அக்கா, கீழ குழாயைச் செத்த நிறுத்துங்க, சோப்பு போட்டிருக்கேன்!”

பக்க இணைப்பில் இன்னொரு பளு சேர்ந்ததும் பொதுப்பாதையில் அழுத்தம் விழுவதை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பாடநூலும் சொன்னதில்லை. கிரைண்டரைப் போட்டதும் பல்பு மங்குவதும் இதே கதைதான். வீட்டுக்கு வரும் கம்பியின் தடை அங்கே வேலையைக் காட்டுகிறது.

இனி விரிசல்கள். குழாயின் விட்டம் பாதியானால், சீராக ஓடும் நீர் பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கும். கம்பியில் அதே குறைப்பு மின்னோட்டத்தை நான்கில் ஒரு பங்காக்கும், அவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு மெல்லிய வயரே போதும் என்று முடிவு கட்டுவோர் தீயணைப்பு நிலைய எண்ணையும் குறித்துக்கொள்க. குழாயை அறுத்தால் வீடு குளமாகும். கம்பியை அறுத்தால் ஒரு சொட்டும் சிந்தாமல் ஓட்டமே நின்றுவிடும். பழைய சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் பந்தலே இருண்டதற்கு அதுதான் காரணம்.

வேகம் இன்னும் சங்கடமானது. ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் ஒரு ஆம்பியர் நேர்மின்னோட்டம் பாயும்போது எலக்ட்ரான்கள் நொடிக்குப் பத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தில் அதுவும் இல்லை. நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அசைவதோடு சரி. தொட்டித் தண்ணீர் இப்படி நடந்துகொண்டால் சங்கக் கூட்டம் கைகலப்பில் முடியும்.

கடைசியாக ஒரு தர்க்கச் சிக்கல். உவமையில் பேட்டரியின் இடத்தில் இருப்பது தண்ணீரை மேலேற்றும் மோட்டார். அது ஓடுவதோ கரண்ட்டில். ஆக, மின்சாரம் புரியத் தண்ணீர் வேண்டும், தண்ணீர் வர மின்சாரம் வேண்டும். வாதமே ஒரு மூடிய சுற்று. கரண்ட் போன அன்று தொட்டி வறண்டு, ஆய்வு நின்றது. மீண்டும் வந்ததும் யாரோ மோட்டாரைப் போட்டார்கள். தொட்டி நிரம்பி வழியும்போது அதை நிறுத்துவது எந்த வீட்டின் பொறுப்பு என்பது குடியிருப்போர் சங்கத்தின் பரிசீலனையில் உள்ளது.